கம்முனு ஒரு வாரம்

பேசக்கூடாதுன்னு ஒருத்திய உக்கார வெச்சா, ஊரே வந்து அவகிட்டத்தான் கேள்வி கேக்குது. கெரகம். கழுத்துல அட்டை தொங்குது. என்ற மக கோகிலா கொட்டை கொட்டையா எழுதி, கயிறு கட்டி மாட்டி உட்டுட்டுத்தான் திருப்பூருக்கு பஸ் ஏறுனா. 'தொண்டையில் ஆபரேஷன். பேசச் சொல்லாதீர்கள்.' இந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சுல அதப் படிக்காதவங்க ஒருத்தர் பாக்கியில்ல. படிச்சுப்போட்டு, "ஏனுங்கக்கா, தொண்டைல ஆபரேசனுங்களா?"ங்கறாங்க. அடி ஆத்தா, அதத்தானே எழுதித் தொங்க உட்டிருக்குது? பக்கத்துல ஒரு பொம்பள, மூக்குல ரத்தம் நிக்காம வந்து ரெண்டு ஓட்டைலயும் பஞ்சத் திணிச்சு உக்காந்திருக்கறா. வாயாலதான் மூச்சு. அந்த மூச்சுக்கு நடுவுலயும் அவளுக்கு என்ற சங்கதி வேணும். "கேன்சருங்களா?" இல்லைன்னு தலைய ஆட்டுனேன். "சதைய டெஸ்டுக்கு அனுப்புனாங்களா?" ஆமான்னு ஆட்டுனேன். "ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சா?" ஆமா. "எங்க சின்ன மாமியாருக்கும் இப்படித்தான் ஒண்ணுமில்லைன்னாங்க." அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. இப்ப நான் அந்தச் சின்ன மாமியா இருக்கறாளா செத்தாளான்னு யாருகிட்டக் கேக்கறது? வாயிருந்தா ஒரே கேள்வியில முடிஞ்சிருக்கும். கீரைக்கூடைய எறக்கி வெச்சா எதிர்ல நிக்கறவ வாய்ல இருந்து வம்ச வரலாறே வாங்கற வாய் இது. இன்னிக்கு மாடு மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்குது. குரல் கரகரன்னு ஆகி, அப்புறம் பாதி வார்த்தைல சத்தமே நின்னு போயி, கடைசில தொண்டைக்குள்ள முடிச்சு கட்டியிருக்குதுன்னு அறுத்தாங்க. "ஒரு வாரம் மூச். கம்முனு இருக்கோணும்"னு டாக்டரம்மா சொல்லி உட்டாங்க. இன்னிக்கு உள்ள குழாய உட்டுப் பாத்து 'ஆ'ன்னு சொல்லச் சொல்லுவாங்களாம். புண்ணு ஆறியிருந்தா சத்தம் வரும். ஆறாம தழும்பு கட்டியிருந்தா இருக்கறதும் போகும். அப்புறம் கீரேய்ய்... அரைக்கீரே, சிறுகீரே, சுக்குட்டிக் கீரேய்ய்ன்னு தறி ஓடற வீதில யாரு கூவுறது? மனசுக்குள்ள கூவிப் பாத்தேன். மனசுக்குள்ள நல்லாத்தான் இருக்குது.

"நீ எடத்தப் புடிச்சுக்க, நான் டீ வாங்கிட்டு வர்றேன்"னு போன மனுசன இன்னும் காணோம். டீ வாங்கறாரா இல்ல தேயிலை நட்டு வளக்கறாரா தெரியல. அதச் சொன்னது எப்படி? என்ற காதோரம் குனிஞ்சு, ரகசியம் சொல்ற மாதிரி மொகத்த வெச்சுக்கிட்டு, பிரசவ வார்டு வரைக்கும் கேக்கற மாதிரி. ஒரு கைக்கொழந்தை திடுக்குன்னு முழிச்சு அழுதுச்சு. தன்ற சத்தம் தனக்கே கேக்காதவருக்கு அளவு எங்கிருந்து தெரியும்? செங்கோடன்னு பேரு. என்ற ஊட்டுக்காரரு. மீசை முளைக்கறதுக்கு முன்னால தறிப்பட்டறைக்குள்ள போனவரு, தலை நரைச்சுத்தான் வெளிய வந்தாரு; வரும்போது காதை அங்கேயே உட்டுட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் 'என்னது?'தான். சோறு திங்க வாங்க மாமா. என்னது? கேஸ் தீந்துருச்சு. என்னது? ஊட்டுக்குள்ள நான் பேசுனது பூராவும் ரெண்டு தடவை பேசுனதுதான், ரெண்டாந்தடவை ஊருக்கே கேக்கற மாதிரி. செவுடன் காதுல சங்கு ஊதுன மாதிரின்னு சொல்லுவாங்க. சங்கு ஒடையாது, தொண்டை ஒடையுமே! அக்கம்பக்கத்துல என்ற பேரு என்ன தெரியுமா? சண்டைக்காரி. பாவாயி புருசன இந்தப் பாடு படுத்தறாளே, அந்த மனுசன் வாயத் தெறக்கறாரான்னு எனக்கு நேராவே சொல்றாங்க. ஊர் வாய மூட ஒலைமூடியா இருக்குது? மருந்துக் குழம்பு வெக்கட்டுங்களா மாமான்னு ஆசையாக் கேட்டாக்கூட அது எதிரூட்டுக்கு வெட்டுக்குத்து மாதிரிதான் கேக்கும். டாக்டரம்மா மொத நாளு கேட்டாங்க, "ரொம்பச் சத்தம் போடுவீங்களா?" கீரைக்காரிங்கம்மான்னேன். "வீட்டுல?"ன்னாங்க. நான் இவரக் கை காட்டுனேன். இவரு என்னமோ அறிமுகம் பண்ணி வெக்கறேன்னு நெனச்சு எந்திரிச்சு ஒரு கும்புடு போட்டாரு. காதுக்கு மிசின் வாங்கிக்கோங்கன்னு எத்தனை தடவை முட்டிக்கிட்டேன். "அத மாட்டுனா செவுடன்னு தெரிஞ்சுருமல்ல"ங்கறாரு. இப்ப மட்டும் என்ன, ரேடியோ ஸ்டேசன்ல வேலையின்னா நெனச்சுக்கிட்டிருக்கறாங்க? இதுல இன்னொரு கெரகம், பேசும்போது மொகத்துக்கு நேரா வந்து நின்னு வாயவே பாக்கறது. என்ற வாய்ல என்ன சினிமாவா ஓடுது? பொழுது சாஞ்சு நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சாப் போதும், ஓடிப்போய் லைட்டப் போடுவாரு. பேச்சுக்கு எதுக்குய்யா லைட்டு, கரண்டு பில்லு உங்கொப்பனா கட்டுவான்னு நான் அணைப்பேன், அவரு போடுவாரு, நான் அணைப்பேன். அந்தச் சண்டைக்கும் என்ற தொண்டைதான்.

இந்த ஒரு வாரம் நான் ஒண்ணும் கஷ்டப்படலைன்னு சொன்னா யாரு நம்புவாங்க. மொத நாளு கம்முனுதான் இருந்தேன். சாமி சத்தியமா. ரெண்டாம் நாளு கொல்லைல பைப்பு ஒழுகீட்டுக் கெடக்குது, இவரு பாட்டுக்கு டிவிய அலற உட்டுட்டு உக்காந்திருக்கறாரு. கை தட்டுனேன், கேக்கல. எனக்கு வந்துச்சு பாருங்க எரிச்சல். அவரு பொடனிக்குப் பின்னால நின்னு, சத்தமே போடாம, வெறும் காத்துல, குசுகுசுன்னு சொன்னேன்: "பைப்ப மூடுறா செவுட்டுப் பயலே." சொல்லீட்டு எனக்கே பக்குன்னு ஆகிப்போச்சு. கல்யாணமாகி இத்தன வருசத்துல வாங்க போங்க தவிர ஒண்ணு வந்ததில்ல இந்த வாய்ல. கூரை இடிஞ்சு உளுகல. அவரும் திரும்பல. அடடா, இது நல்லாருக்குதேன்னு தோணுச்சு. அதுல இருந்து ஆரம்பிச்சது. அவரு திங்கும்போது பக்கத்துல நின்னு, "நல்லாத் தின்னு, பண்டிகைக்கு என்ற அண்ணன் வந்தப்ப ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்ல வாய் வரல, திங்க மட்டும் வருது." செருப்பு மாட்டும்போது, "போறான் பாரு தொரை." பழசு, புதுசு, அவங்கம்மா பண்ணுனது, அவங்கக்கா நகையக் கேட்டது, ஒண்ணு பாக்கியில்லாம, கூடவே நடந்து, குசுகுசுகுசுன்னு. அவ்வளவு சொகம். தலை நெறைய எண்ணெய் வெச்சுக் குளிச்ச மாதிரி இருந்துச்சு. டாக்டரம்மா பேசத்தானே கூடாதுன்னாங்க? குசுகுசுங்கறது பேச்சா? சத்தமே இல்லியே, காத்துதானே? இவரு வேற பக்கத்தூட்டுக்காரங்ககிட்டப் பெருமையடிக்கறாரு, "ஒரு வாரமா ஊடு கோயிலாட்ட இருக்குதுங்க. ஒரு வார்த்தை பேசல பாவாயி." கோயிலாமா கோயிலு. நான் பண்ணுன அர்ச்சனை எனக்குத்தான் தெரியும். முந்தாநாளு காலைல வாசல்ல ஜன்னல் கம்பில கண்ணாடிய மாட்டி சவரம் பண்ணீட்டிருந்தாரு. துண்டக் குடுக்கப் போனவ பின்னால நின்னேன். என்னமோ அன்னிக்கு வயித்தெரிச்சல். இந்தத் தொண்டை போனா போனதுதானே, இந்தாளுக்கு என்ன நட்டம், அப்பவும் என்னது என்னதுன்னுதானே நிக்கப் போறாருன்னு ஒரு ஆத்தரம். வாய் தன்னால சொல்லிருச்சு. "நீ செத்தாத்தாண்டா நான் இந்த ஊட்டுல மெதுவாப் பேச முடியும்." அதே சமயத்துல பிளேடு தாடையில இழுத்துருச்சு. பொலபொலன்னு ரத்தம், புதுத் துண்டு பூராவும். அதுக்கும் திட்டுனேன், ஒழுங்காச் சவரம் பண்ணக்கூடத் துப்பில்லைன்னு. அவரு படிகாரத்த எடுத்து வெச்சு அமுத்திக்கிட்டு உள்ள போயிட்டாரு. அந்தக் கறை இன்னும் போகல, நேத்தும் சோப்புப் போட்டுத் தேச்சுப் பாத்தேன்.

எனக்கு முன்னால உள்ள போனது ஒரு வாத்தியாரம்மா. அவங்களுக்கும் என்ற மாதிரியே முடிச்சு, என்ற மாதிரியே அறுத்துருக்குது. பள்ளிக்கொடத்துல புள்ளைங்களப் பாத்துக் கத்திக் கத்தி வந்துச்சாம். பச்சைத் திரை மட்டுந்தான் நடுவுல. டாக்டரம்மா சத்தம் போடறாங்க. "பேசவே இல்லைன்னா எப்படிம்மா இப்படி வீங்கும்? நெஜத்தச் சொல்லுங்க." அந்தம்மா என்னமோ காத்துல சொல்லுது. "பாருங்க, பாருங்க, இப்பப் பேசறீங்களே, இதான்! குசுகுசுன்னு பேசறது கத்தறத உட மோசம்னு சொன்னேனா இல்லியா? காத்த இறுக்கிப் புடிச்சுப் புண்ணு மேல தள்றீங்க. அதுக்குச் சத்தமாவே ரெண்டு வார்த்தை பேசித் தொலைச்சிருக்கலாம்." எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கத்தறத உட மோசமா? யாரு சொன்னா? எனக்கு எங்க சொன்னாங்க? சொல்லியிருப்பாங்களோ? ஆபரேசன் அன்னிக்கு மயக்கம் தெளியாமக் கெடந்தப்ப கோகிலாகிட்டச் சொல்லியிருப்பாங்க, அவ அட்டையில எழுதோணும்ல? பேசச் சொல்லாதீர்கள்னு ஊருக்கு எழுதுனவ, குசுகுசுக்காதேன்னு எனக்கு எழுதியிருக்கக்கூடாதா? அடி பாவி மகளே. தவளை தன் வாயாலயே கெடும்னு சொல்றது சரியாப் போச்சு. எச்சி முழுங்கிப் பாத்தேன். வலிக்குதா? வலிக்கற மாதிரித்தான் இருக்குது. காலைல வலிச்சுதா? காலைல இல்ல. இல்ல, இருந்துச்சு, நான்தான் கவனிக்கல. ஒரு வாரம், விடிஞ்சதுல இருந்து அடையற வரைக்கும், குசுகுசுகுசுன்னு புண்ணு மேல அரத்தப் போட்டு ராவியிருக்கறேன். அந்தப் பைப்பு ஒழுகுனா என்ன, ஊரே ஒழுகுனா என்ன, கம்முனு இருந்திருக்கலாமல்ல? அவங்கக்கா நகை கேட்டது என்னிக்கோ. அந்த நகையும் போச்சு, அக்காளும் போயிட்டா, அத இப்பச் சொல்லி என்ற தொண்டையப் புண்ணாக்கிக்கிட்டேனே. எதிர்ல ஒரு பெரியவரு, தொண்டைக்குழில ஓட்டை போட்டு வெள்ளைக் கொழாய் சொருகியிருக்குது. வெரல வெச்சு அந்த ஓட்டைய அடைச்சுக்கிட்டுத்தான் பேசறாரு. தண்ணி வராத பைப்புல காத்து வர்ற மாதிரி ஒரு சத்தம். அவரு சம்சாரத்துக்கிட்ட, "வடை சூடா இருக்குதான்னு கேட்டு வாங்கு, நேத்து ஆறிப்போயிருந்துச்சு"ங்கறாரு. அந்த ஓட்டைய வெச்சுக்கிட்டு மனுசனுக்கு வடை ஆறக்கூடாதாம். எனக்குச் சிரிப்பு வரோணும். வரல. நானும் நாளைக்குக் கழுத்துல வெரல வெச்சு அடைச்சுக்கிட்டுக் கீரேன்னு கூவுனா யாரு வாங்குவா?

கூவறதுன்னா சும்மாவா. எங்க வீதில காலைல ஏழு மணிக்கெல்லாம் ரெண்டு பக்கமும் தறி ஓட ஆரம்பிச்சுரும். தடக்குத் தடக்குன்னு அந்தச் சத்தத்துக்கு மேல எந்திரிச்சு ஊட்டுக்குள்ள அடுப்புக்கிட்ட நிக்கறவ காதுக்குப் போகோணும். என்ற சத்தம் போகும். கீரேய்ன்னு அந்த முனையில ஆரம்பிச்சா இந்த முனையில முறத்தோட வந்து நிப்பாங்க. நானும் பட்டறைக்காரிதான், கீரைக்கு வந்தது பின்னால. கல்யாணத்துக்கு முன்னால அதே பட்டறைல செவுத்தோரமா உக்காந்து, தறியில குறுக்க ஓடற நாடாக் கட்டைக்கு நூலு சுத்துனவ. பட்டறைக்குள்ள சத்தம் இருக்குதே, அதுல கத்துனா பக்கத்துல நிக்கறவனுக்கும் கேக்காது. அதனால யாரும் கத்த மாட்டோம். வாய மட்டும் அசைப்போம். மூச்சுக்கூட உடறதில்ல. இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பேச்சு நடக்கும், நூலு தீந்துருச்சு, முதலாளி வர்றான், இன்னிக்கு உங்கூட்டுல என்ன கொழம்புன்னு. இவரு தறியில நின்னுக்கிட்டு ஒரு நாளு என்னயப் பாத்து வாயசைச்சாரு, "என்னயக் கட்டிக்கறியா?"ன்னு. எனக்கு மொதத் தடவையே தெரிஞ்சுருச்சு. தெரியாத மாதிரி மொகத்த வெச்சுக்கிட்டு, "என்னது?"ன்னேன். இன்னொருக்காச் சொல்லட்டுமேன்னுதான். மனுசன் வெவரமில்லாம இன்னும் பெருசா வாயத் தெறந்து ஒவ்வொரு எழுத்தாச் சொல்றாரு. அதுக்குள்ள அந்த வரிசை பூராவும் திரும்பிப் படிச்சுருச்சு. ஒருத்தன் நாடாவ அப்படியே உட்டுட்டுச் சிரிக்கறான், மேஸ்திரி ஓடி வர்றான், இவரு மூஞ்சி செக்கச்செவேல்னு போச்சு. காது அப்பவே கொஞ்சம் போயிருக்கோணும், யாருக்குத் தெரிஞ்சுது? யாருக்கும் காது வேண்டியிருக்கல. சத்தமே இல்லாம ஒரு சம்பந்தம் முடிஞ்சுது. அன்னிக்கு அத்தனை தூரத்துல இருந்து ஒருத்தி வாயப் படிச்ச கண்ணு... என்னமோ நெனைக்க வந்தேன், அதுக்குள்ள "பாவாயி! பாவாயி யாரு?"ன்னு கூப்புட்டுட்டாங்க.

இருக்கறேன்னு எப்படிச் சொல்றது? கையத் தூக்குனேன். கூப்புடற ஆயா சீட்டத்தான் பாக்குது, தலையத் தூக்கல. "பாவாயி இல்லியா? அடுத்த ஆளு வாங்க." அடி, இதென்ன அக்குரும்பு! தொண்டை ஆபரேசன் பண்ணுனவங்களக் கூப்புட்டு, கொரல் குடுக்கலைன்னு தள்ளி உடற ஆஸ்பத்திரி இது ஒண்ணுதான் இருக்கும். எந்திரிச்சு ஓடி அட்டைய அது மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். அத நிதானமாப் படிச்சுப்போட்டு, "தொண்டைல ஆபரேசனா? என்ன ஆச்சு?"ங்குது. அந்த நேரம் பாத்து இவரு வர்றாரு. கைல டீயக் காணோம். டீக்கடை இருக்கறது வலதுபக்கம், இவரு வர்றது எடதுபக்கத்துல இருந்து. சட்டைப் பையில ஒரு சீட்டு நீட்டிக்கிட்டிருக்குது. டீ எங்கன்னு கையக் காட்டிக் கேட்டேன். அவரு என்ற மொகத்தப் பாத்துட்டு, "மறந்துட்டேன் பாவாயி"ன்னாரு, பெஞ்சு பூராவும் திரும்பிப் பாக்கற மாதிரி. ஒரு டீய மறக்கறதுக்கு ஒரு மணி நேரம் போயிருக்கறாரு. தாடையில அந்த வெட்டு கருப்பா ஒணந்து நிக்குது.

உள்ள உக்கார வெச்சு மூக்குல கசப்பா என்னத்தையோ அடிச்சாங்க. மூக்கு, நாக்கு, தொண்டை எல்லாம் மரத்துப்போயி, எச்சி முழுங்கறமா இல்லியான்னே தெரியல. டாக்டரம்மா சின்ன வயசு, வாயையும் மூக்கையும் மூடி முகமூடி, நெத்தியில லைட்டு. கொழாய மூக்கு வழியா உட்டாங்க. பக்கத்துல டிவி மாதிரி ஒண்ணுல என்ற தொண்டை தெரியுது. இத்தன வருசமா நான் கூவுனது இந்த ரெண்டு நரம்ப வெச்சுத்தானாக்கும். ஒரு ஓரமாச் செவச்செவன்னு இருக்குது. டாக்டரம்மா 'ம்'ங்கல, 'சரி'ங்கல. அவங்க கம்முனு இருந்தது எனக்கு ஆகவேயில்ல. கொழாய உருவீட்டுக் கேட்டாங்க, "பேசுனீங்களா?" இல்லைன்னு ஆட்டுனேன். "குசுகுசுன்னு?" இல்லைன்னு அத உட வேகமா ஆட்டுனேன். வாய் இல்லாதவளுக்கும் பொய் வருது பாருங்க. அவங்க நம்பல. கூடவே உள்ள வந்து நின்ன இவரு பக்கம் திரும்பி, "அய்யா, வீட்டுல பேசுனாங்களா?"ன்னாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இவருக்குக் கேக்காது, கேட்டாலும் கோயிலு கொளம்னுதான் சொல்லுவாரு. அப்பத்தான் இவரு ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டுச் சொன்னாரு, "சித்த அந்தத் துணிய எறக்குங்க டாக்டரம்மா, வாய் தெரியல." அவங்க முகமூடிய எறக்கி மறுபடி கேட்டாங்க. சத்தமா இல்ல, சாதாரணமாத்தான். இவரு அவங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தாரு. லைட்டு. நான் அணைக்க அணைக்க அவரு போட்ட லைட்டு. மொகத்துக்கு நேரா வந்து நின்னது. ஜன்னல் கம்பியில தொங்குன கண்ணாடி, அதுக்குள்ள அவரு மூஞ்சிக்குப் பின்னால என்ற மூஞ்சி, என்ற வாய். அவரு சொல்றாரு, "பேசுனாளுங்க டாக்டரம்மா. சத்தம் வந்துச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாதுங்க. வாய் அசைஞ்சுது. நெறையா அசைஞ்சுதுங்க." "என்ன பேசுனாங்க?" "அது எங்கூட்டு விசயமுங்க. அவள வையாதீங்க. புண்ணு ஆறோணும்னா உங்களுக்கு நெசம் தெரியோணும்ல, அதுக்குத்தான் சொன்னேன்." டாக்டரம்மா வையத்தான் செஞ்சாங்க, நல்லா வஞ்சாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். கடைசில, "சரி, மெதுவா ஒரே ஒரு தடவை 'ஆ'ன்னு சொல்லுங்க"ன்னாங்க. பயந்து பயந்து சொன்னேன். வந்துச்சு. என்ற சத்தமில்ல அது, நூலாட்ட ஒரு சத்தம், ஆனா கரகரப்பு இல்ல. நடுவுல அறுந்து போகல. "வந்துருச்சு. உங்க நல்ல நேரம்"ன்னாங்க டாக்டரம்மா. "இன்னும் பத்துப் பதினஞ்சு நாளு பேச்சே கூடாது, காத்துக்கூட வரக்கூடாது. அப்புறமும் மெதுவாத்தான், ஆயுசுக்கும். கத்துனீங்கன்னா மறுபடி கட்டும், மறுபடி அறுத்தா கொரலுக்கு நான் பொறுப்பில்ல. கீரைக்கு ஸ்பீக்கரு வெச்சுக்கோங்க." நான் இவரத் திரும்பிப் பாத்தேன். 'ஆ'ன்னு அந்தச் சத்தம் வந்ததே இவருக்குத் தெரியல. டாக்டரம்மா மொகத்தப் பாத்துத்தான் வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சிரிக்கறாரு.

வெளிய வந்ததும் அவரு பையில இருந்து அந்தச் சீட்ட எடுத்து என்ற கைல குடுத்தாரு. பூராவும் இங்கிலீசு, எனக்கு என்ன படிக்கத் தெரியும், காது படத்தப் பாத்துக் காது டெஸ்டுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் பக்கத்து வரிசையிலதான் இத்தன நேரம் நின்னிருக்கறாரு. "மெதுவாப் பேசோணும்னு ஆசைப்பட்டியே பாவாயி. கவர்மெண்டு மிசின் குடுக்கறாங்களாமா. மாட்டிக்கறேன். நான் செத்தாத்தான்னு எதுக்கு அத்தனை நாளு காத்திருக்கோணும்?"னாரு. கோவமாச் சொல்லியிருந்தா எனக்குப் பரவால்ல. கொழம்புல உப்பு கொறைச்சல்னு சொல்ற மாதிரி சொன்னாரு. அதையும் எப்படிச் சொன்னாரு? பஞ்சு வெச்ச மூக்குக்காரி, கொழாய் வெச்ச பெரியவரு, சீட்டுக் கூப்புடற ஆயா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. நான் செத்தாத்தான்னு! பெஞ்சே என்னயப் பாக்குது. பஞ்சுக்காரி வாயத் தெறந்துக்கிட்டுப் பாக்கறா. ஐயோ மாமா, கம்முனு இருங்கன்னு சொல்லக்கூட எனக்கு வாயில்ல. தப்புன்னு சொல்லோணும், அது சும்மா வாய்ல வந்ததுன்னு சொல்லோணும், இந்தாளு என்னன்னா தாடையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கறாரு. அதுக்குள்ள காது ரூமுல இருந்து ஒரு புள்ள "செங்கோடன்! செங்கோடன் யாருங்க?"ன்னு கத்துது. கூப்புடறது இவருக்குக் கேக்காது, இருக்கறாருன்னு சொல்ல எனக்கு வராது. நல்லா அமைஞ்சுது ஜோடி. கையப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனேன்.

கண்ணாடிச் சன்னல் வெச்ச ஒரு சின்னப் பொட்டி ரூமுக்குள்ள அவர உக்கார வெச்சு, காதுல பெருசா ரெண்டு கிண்ணத்த மாட்டி, கைல ஒரு பட்டனக் குடுத்தாங்க. சத்தம் கேட்டா அமுத்தோணுமாம். கதவ இறுக்கிச் சாத்திட்டாங்க. வெளிச்சத்தம் ஒண்ணும் உள்ள போகாதாம். இவருக்கு அது போனா என்ன, போகாட்டி என்ன. நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். அவரு பட்டனையும் பாக்கல, அந்தப் புள்ளையையும் பாக்கல, வழக்கம்போல என்ற வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரு. உள்ள பளீர்னு லைட்டு எரியுது. நான் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். காத்துக்கூட வரக்கூடாதுன்னாங்க. காத்து வராமப் பேசறது ஒண்ணும் எனக்குப் புதுசில்லையே, பட்டறைல படிச்சதுதானே. கையெடுத்தேன். மூச்ச நல்லாப் புடிச்சுக்கிட்டு, வாய மட்டும் அசைச்சுச் சொன்னேன்: "செத்துக்கித்துத் தொலைச்சராதீங்க மாமா." அவரு தலையச் சாய்ச்சாரு. தாடையில அந்த வெட்டு லைட்டுல தெரியுது. மீசைக்குள்ள என்னமோ நெளியுது, சிரிப்பத்தான் அடக்கறாரு. அப்புறம் அவரும் சத்தமில்லாம வாயசைச்சாரு: "என்னது?" "அய்யா, பட்டன அமுத்துங்க! அம்மா, நீங்க தள்ளிப் போங்க, உங்களையே பாக்கறாரு"ன்னு அந்தப் புள்ள சத்தம் போடுது. ஆகாவழி மனுசன், மொதத் தடவையே அவருக்குத் தெரிஞ்சுருச்சு. எனக்கும் தெரியும். மூச்சப் புடிச்சுக்கிட்டு இன்னொருக்காச் சொன்னேன்.